சால்மன் முட்டையும் வெங்காரமும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எழுதி. வேலை, வீடு, பையனோட பள்ளிக்கூடம்னு வழக்கமான காரணங்கள்தான். நடுவில் ஒரு விஷயம் மண்டையைக் குடைஞ்சுகிட்டே இருந்தது. அதை இறக்கி வெச்சாத்தான் அடுத்ததைப் பார்க்க முடியும் போலிருக்கு. விஷயம் மீன் முட்டை. வறுத்துச் சாப்பிடுற சினை இல்லை மக்களே, தூண்டில் முள்ளில் கோக்குற சினை.

டிஸ்கி: சைவ நண்பர்கள் நடுவில் வரும் செய்முறையைத் தாண்டிப் போயிடலாம். ஆனா வரலாறு பக்கம் கண்டிப்பா திரும்பி வாங்க. அதில் உங்களுக்கும் பங்கு இருக்கு.

ஓரிகனுக்குக் குடி வந்த புதுசு. பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர், மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் சின்ன வயசுல வாய்க்காலில் மண்புழு கோத்துக் கெளுத்தி பிடிச்ச கதையை ஒருநாள் வேலிப் பக்கம் நின்னு அளந்து விட்டேன். மனுஷன் அதை சீரியஸா எடுத்துக்கிட்டார். அக்டோபர் மாசம் ஒரு சனிக்கிழமை, விடியக்காலை நாலு மணிக்குக் கதவைத் தட்டிட்டார். போன இடம் வில்சன் ஆறு. கோஸ்ட் ரேஞ்ச் மலையில் இறங்கி, டில்லமூக் விரிகுடாவில் கலக்குற ஆறு. இலையுதிர் காலத்தில் சினூக் சால்மன் கடலை விட்டு ஆற்றில் ஏறும். (நம்ம ஊர்ல 'இந்தியன் சால்மன்'னு சொல்லி விக்கிறாங்களே காலா மீன், அதுக்கும் இதுக்கும் சொந்தமும் இல்லை பந்தமும் இல்லை.)

அவர் பையிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்தார். எங்க வீட்டு ஆவக்காய் ஜாடி மாதிரியே இருந்தது. உள்ளே குங்குமத்தைக் கரைச்சு ஊத்தின மாதிரி செக்கச்செவேல்னு முட்டைக் கொத்துகள். சால்மன் முட்டையைப் பொடி போட்டுப் பதப்படுத்தினது. நெல்லிக்காய் அளவு ஒரு கொத்தை முள்ளில் மாட்டி, தக்கை கட்டி, ஆழமான மடுவில் விட்டார். தங்கூசி நரம்பை முள்ளின் காம்பில் ஒரு தனி முடிச்சா போட்டிருந்தார். அந்த முடிச்சில் சின்னதா ஒரு கண்ணி விரியும். கொத்தை அதற்குள் நுழைச்சு நரம்பை இழுத்தா, கண்ணி இறுகி முட்டையைக் கவ்விக்கும். முட்டை இரைக்காகவே பழக்கத்துக்கு வந்த முடிச்சு அது.

அன்னிக்கு அவருக்கு ஒரு பெட்டை மீன் மாட்டியது. எனக்குச் சளிதான் பிடிச்சது :) சாயங்காலம் அவர் சாமான்களை வண்டியில் ஏத்திகிட்டு இருந்தப்ப, என் கையில் அரை ஜாடி முட்டை மிச்சம் இருந்தது. வீட்டுக்குக் கொண்டு போனா தங்கமணி ஃப்ரிட்ஜ் பக்கமே விட மாட்டாங்க. அப்படியே கரையோரத் தண்ணியில் கொட்டிட்டேன். எங்கிருந்துதான் வந்துச்சோ தெரியலை, விரல் நீளத்துக்குக் குஞ்சு மீன்கள் மொய்ச்சுகிட்டு அடிச்சுப் பிடிச்சுத் தின்னுச்சு. எங்க ஊர்க் கோயில் தெப்பக்குளத்தில் பொரி போட்ட ஞாபகம் வந்துடுச்சு. ஏதோ புண்ணியம் பண்ணின மாதிரி ஒரு திருப்தி. கொஞ்ச நேரம் நின்னு வேடிக்கை பார்த்தேன்.

இந்த இடத்தை ஞாபகம் வெச்சுக்கங்க. திரும்பி வருவோம்.

வீட்டுக்கு வந்து கதை சொன்னப்ப, பையன் கேட்ட கேள்வி வேற மாதிரி. "அப்பா, அது அம்மா மீனோட முட்டைதானே? அதையே குடுத்து இன்னொரு அம்மா மீனைப் பிடிக்கிறீங்களா?" பதில் சொல்லத் தெரியலை. அதுக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்த வரலாறெல்லாம் கிடைச்சது.

முதல்ல அந்த ஜாடிக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்த்துடலாம். ஒரு சினூக் பெட்டையின் வயிற்றில் சுமாரா மூவாயிரத்திலிருந்து ஐயாயிரம் முட்டை வரைக்கும் இருக்கும். ஒவ்வொண்ணும் பட்டாணியை விடக் கொஞ்சம் சின்னது. இரண்டு நீளமான சினைப்பையாக, மெல்லிய சவ்வில் ஒட்டிக்கிட்டு இருக்கும். மீனைப் பிடிச்ச உடனே செவுளை அறுத்து ரத்தத்தை வடிச்சுடணும். இதுதான் முதல் பாடம். ரத்தம் முட்டையில் தங்கிட்டா சீக்கிரம் கெட்டுப் போகும். பெரியவர் வீட்டுக்கு வந்ததும் ஒரு டீஸ்பூனின் முதுகால் சவ்வில் ஓடுற ரத்தக் குழாய்களை நீவி நீவி வெளியே தள்ளினார். பிறகு காகிதத் துண்டில் ஒத்தி ஈரத்தை எடுத்து, கத்தரிக்கோலால் துண்டு போட்டார். மேலே பொடியைத் தூவி, ஜாடியில் போட்டு மூடினார்.

இனிதான் வேடிக்கை. ரெண்டு மூணு மணி நேரத்தில் முட்டை எல்லாம் சொட்டையாகி, ஜாடி முழுக்கச் சிவப்புத் தண்ணி நிக்கும். மாவடு போட்டவங்களுக்கு இது புதுசு இல்லை. உப்பு தண்ணியை வெளியே இழுக்குது, அவ்வளவுதான். ஆனா அடுத்த நாள் பார்த்தா, முட்டைகள் அந்தத் தண்ணியிலேயே பெரும்பகுதியைத் திரும்பக் குடிச்சுட்டு உருண்டையாகி நிக்குது. கூடவே உப்பு, சர்க்கரை, சாயம், மருந்து எல்லாம் உள்ளே போயிடுது. தோல் கெட்டியாகுது. பச்சை முட்டையை முள்ளில் மாட்டினா ரெண்டு வீச்சில் உடைஞ்சு தொலைஞ்சிடும். பதப்படுத்தினது நின்னு ஆடும், அதே சமயம் தண்ணியில் கொஞ்சம் கொஞ்சமா வாசனையும் நிறமும் கசியவும் செய்யும். இந்த ரெண்டும் சேரணும். கெட்டியா இருந்தா கசியாது, கசிஞ்சா நிக்காது. இந்த ஒரு சிக்கலுக்காகத்தான் நானூறு வருஷமா ஆளாளுக்கு ஏதேதோ பொடி போட்டுப் பார்த்திருக்காங்க.

ஒரு சந்தேகம் வரணும் உங்களுக்கு. ஆற்றில் ஏறுற சால்மன் சாப்பிடாதே? ஆமாம், கடலை விட்டு வந்ததும் அது இரை எடுக்குறதை நிறுத்திடுது. வயிறே சுருங்கிப் போயிடும். உடம்பில் சேர்த்த கொழுப்பை எரிச்சுகிட்டே மேலே போய், கூழாங்கல்லில் குழி பறிச்சு முட்டையிட்டு, பசிபிக் சால்மன்னா செத்தும் போயிடும். அப்புறம் ஏன் முட்டையைக் கவ்வுது? பழைய ஞாபகம்னு ஒரு கட்சி. குஞ்சா இருந்தப்ப இதே ஆற்றில் மிதந்து வந்த முட்டையைத் தின்னு வளர்ந்த பழக்கம். போட்டி மீனோட முட்டையை நசுக்குதுன்னு இன்னொரு கட்சி. ஸ்டீல்ஹெட்னு சொல்ற கடலுக்குப் போய் வர்ற டிரவுட்டுக்கு இந்தக் குழப்பமே இல்லை, அது முட்டையை இரையாகவே தின்னும். டிரவுட்டில்தான் இந்தக் கதை ஆரம்பிக்குது.

ஆரம்பிச்சு வெச்சவர் ஒரு சமையல்காரர். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் இருந்த தாமஸ் பார்க்கர். வெளிநாட்டுத் தூதர்களோட சமையலறைகளில் வேலை பார்த்தவர். தூண்டில் பற்றி 1651-ல் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். ஐசக் வால்டனோட புகழ்பெற்ற 'கம்ப்ளீட் ஆங்லர்' வந்தது 1653-ல். அதாவது பார்க்கர் இரண்டு வருஷம் முந்திக்கிட்டார். ஈத் தூண்டில் விஷயத்தில் வால்டனே இவரிடம் கடன் வாங்கியிருக்கிறார். பார்க்கர் தன் புத்தகத்தை 'பார்க்கர்ஸ் டிலைட்' என்று பேர் மாத்தி 1657-ல் விரிவாக்கி வெளியிட்டப்பதான், சமீபத்தில் தான் கண்டுபிடிச்சதாக ஒரு இரகசியத்தை ஒரு பிரபுவுக்குச் சமர்ப்பணமாகச் சொன்னார். சால்மன் சினையைப் போல டிரவுட்டுக்கு ஒரு இரை கிடையாது என்பதுதான் அது. சமையல்காரர் கண்ணுக்குத்தான் இது படும். மத்தவங்களுக்கு அது மீன் கழுவும்போது எறியற கழிவு, அவருக்கு அது ஒரு பொருள்.

இரகசியம் இரகசியமா இருக்கலை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து ஆற்றங்கரைகளில் சினைப் பதம் ஒரு கைத்தொழிலாகவே ஆயிடுச்சு. அந்தக் காலத்துச் செய்முறைகளில் உப்போட வெடியுப்பும் சேரும். வெடியுப்பு இறைச்சி பதப்படுத்தறவங்க பழக்கம், நிறத்தைக் காப்பாத்தும். முட்டையைப் பிசைஞ்சு பசையாக்கி, மண் ஜாடியில் அடைச்சு, மேலே கொழுப்பை உருக்கி ஊத்திக் காத்துப் புகாம மூடி வைப்பாங்க. நம்ம ஊறுகாய் மேல எண்ணெய் நிக்கணும்னு சொல்றோமே, அதே கணக்கு.

பையன் கேட்ட கேள்வி இங்கேதான் முளைக்குது. சினை எப்போ கிடைக்கும்? மீன் முட்டையிடப் போற சமயத்தில். அந்தச் சமயத்தில் சால்மனோட சதை வெளுத்து, தளர்ந்து, சாப்பிட லாயக்கில்லாம இருக்கும். ஆனா சினைக்கு நல்ல விலை. ஆக, இறைச்சிக்கு உதவாத ஒரு தாய் மீனை, அது ஐயாயிரம் குஞ்சுக்குத் தாயாகப் போற வாரத்தில், வெறும் முட்டைக்காகக் கொல்ல ஒரு காரணம் உண்டாயிடுச்சு. ராத்திரியில் தீப்பந்தமும் ஈட்டியுமா ஆழமில்லாத ஓடைகளில் இறங்குற கள்ள வேட்டைக்காரர்களுக்கு இது தோதா போச்சு.

ஏற்கெனவே ஆலைக் கழிவும் அணைக்கட்டும் சேர்ந்து ஆறுகளைக் காலி பண்ணிகிட்டு இருந்த காலம். 1860-ல் சர் வில்லியம் ஜார்டீன் தலைமையில் ஒரு விசாரணைக் குழு போட்டாங்க. அதன் விளைவு 1861-ம் வருஷத்து சால்மன் மீன்வளச் சட்டம். அதோட ஒன்பதாவது பிரிவு முழுக்க முழுக்க இந்த ஜாடியைப் பத்தினதுதான். மீன் சினையை வெச்சுத் தூண்டில் போடக்கூடாது. சால்மன் சினையை வாங்கக்கூடாது, விக்கக்கூடாது, கையில் வெச்சிருக்கவும் கூடாது. மீறினா ரெண்டு பவுண்டு வரைக்கும் அபராதம், சினையும் பறிமுதல். செயற்கை முறையில் குஞ்சு பொரிக்கவும் ஆராய்ச்சிக்கும் மட்டும் விலக்கு. அடுத்தடுத்த சட்டங்களிலும் இது தொடர்ந்து, 1975-ம் வருஷத்துச் சட்டத்திலும் இடம் பிடிச்சது. ஓரிகனில் எங்க பெரியவர் எல்லார் முன்னாடியும் எடுத்து வைக்கிற ஜாடியை, அவரோட பாட்டன் பூட்டன் தேசத்தில் எடுத்து வெச்சா குற்றம்!

அப்போ அமெரிக்காவில் மட்டும் ஏன் கேள்வி வரலை? ஒரு கட்டுக்கதை சொல்றேன். 1845-ல் ஓரிகன் பிரதேசம் யாருக்குன்னு பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் இழுபறி. 'அமெரிக்கா'ங்கிற பேர் கொண்ட பிரிட்டிஷ் போர்க்கப்பலில் (பேரைப் பாருங்க!) கேப்டன் ஜான் கார்டன் அந்தப் பக்கம் வந்தார். பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் அபர்டீன் பிரபுவோட தம்பி. இங்கத்த சால்மன் ஈத் தூண்டிலைக் கடிக்கவே மாட்டேங்குது, இந்த ஊர் நமக்கு எதுக்குன்னு அவர் சொல்லிட்டதாகவும், அதனால பிரிட்டன் ஓரிகனை விட்டுக் குடுத்ததாகவும் இங்கே தலைமுறை தலைமுறையா சொல்லிச் சிரிப்பாங்க. கார்டன் வந்ததும், அவர் யார் தம்பிங்கறதும் உண்மை. மிச்சத்தை வரலாற்று ஆசிரியர்கள் யாரும் நம்புறதில்லை. ஆனா ஒரு உண்மை அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. கனவான்கள் ஈத் தூண்டில் போடணும், சினை வைக்கிறது கீழ்த்தரம் என்ற பிரிட்டிஷ் நாகரிகம் இந்தக் கடற்கரையில் வேர் பிடிக்கலை. இங்கே மீன் அவ்வளவு இருந்தது.

எவ்வளவுன்னா, கொலம்பியா ஆற்றில் முதல் டின் மீன் தொழிற்சாலை 1866-ல் தொடங்குது. 1883-ல் ஒரே வருஷத்தில் சுமார் 6,30,000 பெட்டி. பெட்டிக்கு 48 டின். மூணு கோடி டின்னுக்கு மேல. தலை, குடல், சினை எல்லாம் நேரா ஆற்றுக்குள்ளேயே தள்ளப்பட்டது. ஆற்றங்கரையில் ஆயிரக்கணக்கான வருஷமா வாழ்ந்த பூர்வகுடிகள் அந்த முட்டையைக் காயவெச்சும் புளிக்கவெச்சும் மழைக்காலச் சாப்பாட்டுக்குச் சேர்த்தவங்க. அவங்க கண் முன்னாடி சினை மலை மலையா அழுகினது. முட்டைக்காகத் தனியா மீனைக் கொல்லணும்ங்கிற அவசியமே இல்லாத ஊர். பிரிட்டனில் சட்டம் வந்ததுக்கான காரணம் இங்கே யாருக்கும் உறைக்காததில் ஆச்சரியம் இல்லை. இப்பவும் பெரும்பாலான தூண்டில்காரங்க, சாப்பிடறதுக்குப் பிடிச்ச மீனோட வயித்துல இருந்ததைத்தான் பதப்படுத்துறாங்க. பையனுக்கு நான் சொன்ன பதிலும் அதுதான். முட்டைக்காகக் கொல்லலைடா, கொன்ன மீனோட முட்டையை வீணாக்கலை. அவன் முழுசா ஒத்துக்கலை. எனக்கும் முழுசா இல்லை.

இப்ப பொடிக்கு வருவோம். பெரியவர் தலைமுறைக்கு முந்தின செய்முறையில் முக்கியமான சரக்கு போராக்ஸ். நம்ம வெங்காரம். (அப்பளக்காரம் வேற, இது வேற. குழப்பிக்காதீங்க.) தட்டார் பட்டறையில் நகை பற்றவைக்கும்போது வைப்பாங்களே, குழந்தைக்கு வாய்ப்புண் வந்தா தேனில் குழைச்சுப் பாட்டி தடவுவாங்களே, அதேதான். கேரம் போர்டில் தூவுற போரிக் பவுடர் அதோட நெருங்கிய சொந்தம். வெங்காரம் முட்டைத் தோலை இறுக்கும், ஈரத்தைக் குறைக்கும், கிருமியை வளர விடாது. மிருகத் தோலைப் பாடம் பண்றவங்களும் இதைத்தான் பயன்படுத்துவாங்க.

அமெரிக்காவில் வெங்காரம் மலிஞ்சது கலிஃபோர்னியாவின் டெத் வேலி பாலைவனத்தால. 1883-லிருந்து ஒரு ஆறு வருஷம், ஹார்மனி போராக்ஸ் ஆலையிலிருந்து மொஹாவி ரயில் நிலையம் வரைக்கும் 165 மைல் தூரத்தை, இருபது கோவேறு கழுதை பூட்டின வண்டிகள் சரக்கு இழுத்துக் கடந்தன. (எண்ணிப் பார்த்தா பதினெட்டு கோவேறு கழுதை, ரெண்டு குதிரை. விளம்பரத்துக்கு இருபதுதான் எடுப்பா இருக்கும்.) பிறகு வண்டி நின்னுச்சு, படம் மட்டும் டப்பாவில் தங்கிடுச்சு. துணி துவைக்கிற பொடியா வீட்டுக்கு வீடு போச்சு. அதோட நிக்கலை. சமையலறைக்குள்ளேயும் நுழைஞ்சது. இறைச்சி, வெண்ணெய் எல்லாத்திலயும் கெடாம இருக்கணும்னு வெங்காரத்தைக் கலந்து வித்தாங்க. சாப்பிடறவனுக்குத் தெரியாது.

இங்கே ஒரு மனுஷர் வர்றார். ஹார்வி வைலி. விவசாயத் துறையில் வேதியியல் பிரிவுக்குத் தலைவர். 1902-ல் பன்னிரண்டு இளைஞர்களை வாலண்டியரா சேர்த்து, வாஷிங்டனில் அலுவலகத்தின் கீழ்த்தளத்திலேயே ஒரு சாப்பாட்டு மேஜை போட்டார். மூணு வேளையும் நல்ல சாப்பாடு இலவசம். கூடவே கடையில் விக்கிற உணவில் கலக்குற பதப் பொருட்களையும் அளந்து குடுப்பார். எடை, ரத்தம், மலம், மூத்திரம் எல்லாம் பரிசோதனை. பத்திரிகைக்காரங்க 'விஷப் படை'ன்னு பேர் வெச்சாங்க. அந்தப் படைக்கு முதல்ல பரிமாறப்பட்டது எது தெரியுமா? வெங்காரம். ஆரம்பத்தில் வெண்ணெயில் மறைச்சுக் குடுத்தாங்க. பசங்க எப்படியோ கண்டுபிடிச்சு வெண்ணெயை ஒதுக்க ஆரம்பிச்சுட்டாங்களாம். கடைசியில் மாத்திரையாவே குடுக்க வேண்டியதாப் போச்சு. தலைவலி, வயித்து வலி, பசியின்மைன்னு படுத்தாங்க. 1906-ல் தூய உணவுச் சட்டம் வந்ததில் இந்த மேஜைக்குப் பெரிய பங்கு உண்டு. இறைச்சியிலிருந்து வெங்காரம் வெளியே தள்ளப்பட்டது.

வெளியே தள்ளப்பட்ட பொருள் காணாமல் போயிடலை. தூண்டில் ஜாடிக்குள்ள அதுக்கு இடம் இருந்தது. மனுஷன் வாயில் போகாது இல்லையா, அதனால யாரும் கேக்கலை.

பிறகு கடைச் சரக்கு வந்துச்சு. வாஷிங்டன் மாநிலத்து பாட்ஸ்கி கம்பெனியோட 'பால்ஸ் ஓ ஃபயர்' முட்டை ஜாடி இந்தப் பக்கத்துப் பிள்ளைங்களுக்கு நம்ம கமர்கட்டு மாதிரி, சின்ன வயசு ஞாபகம். முட்டையாகவும் வந்தது, நாமளே பதப்படுத்திக்கப் பொடியாகவும் வந்தது. பொடி வந்தப்பறம் போட்டி. யார் பொடி அதிகமா மினுங்குது, யார் பொடியில் முட்டை வாரக்கணக்கில் கறுக்காம இருக்குது என்று. அங்கேதான் சோடியம் சல்ஃபைட் உள்ளே வருது. ஆப்பிளை வெட்டி வெச்சா பழுப்பாகுதே, அந்த வேலையைத் தடுக்கிற உப்பு. முட்டையை அன்னிக்கு எடுத்த மாதிரியே பளபளன்னு வெச்சிருக்கும். மீனும் நல்லாவே கடிக்குதுன்னு அனுபவஸ்தர்கள் சொல்வாங்க. தூத்துக்குடிப் பக்கம் இறால் ஏற்றுமதியில் வேலை பார்த்தவங்களுக்கு இந்தக் குடும்பத்தைத் தெரியும். இறால் தலை கறுக்காம இருக்க முக்கி எடுக்கிற கரைசலும் இதோட பங்காளி உப்புதான்.

சல்ஃபைட்டுக்கும் மனுஷன் தட்டில் ஒரு கதை உண்டு. 1970, 80-களில் அமெரிக்க ஹோட்டல்களில் சாலட் வாடாம இருக்க இதைத் தெளிச்சாங்க. ஆஸ்துமா இருக்கறவங்க சிலர் சாலட் சாப்பிட்டு மூச்சு முட்டி, உயிரே போயிருக்கு. 1986-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பச்சையாச் சாப்பிடுற பழம் காய்கறியில் சல்ஃபைட் கூடாதுன்னு தடை போட்டது. (சைவ நண்பர்களே, உங்க பங்கு இதுதான்.) உலர் திராட்சை, வைன் மாதிரி சிலதில் அறிவிப்போட இருக்கலாம். ஆக ரெண்டாவது தடவையும் அதே கதை. சாலட் தட்டிலிருந்து இறக்கினது தூண்டில் ஜாடியில் சௌக்கியமா இருந்தது.

2000-களின் கடைசியில் ஓரிகன் மாநில மீன், வனவிலங்குத் துறைக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களோட சேர்ந்து தொட்டியில் வளர்ற சால்மன், ஸ்டீல்ஹெட் குஞ்சுகளுக்குப் பதப்படுத்தின முட்டைகளைத் தீனியாக் குடுத்துப் பார்த்தாங்க. தின்ன குஞ்சுகளில் ஒரு பகுதி செத்துப் போச்சு. எல்லாப் பொடியிலும் ஒரே அளவு சாவு இல்லை. சரக்குகளைத் தனித்தனியாப் பிரிச்சுப் பார்த்தப்ப, காரணம் சோடியம் சல்ஃபைட்னு தெரிஞ்சது.

இதைப் படிச்ச ராத்திரி எனக்குத் தூக்கம் போச்சு.

ஏன்னா ஆற்றில் குஞ்சு மீனுக்கு முட்டையும் ஒரு இயல்பான சாப்பாடுதான். சால்மன் முட்டையிடுற பருவத்தில், குழியில் சரியாப் புதையாம மிதந்து வர்ற முட்டைகள்தான் குளிர்காலத்துக்கு முன்னாடி குஞ்சுகளுக்குக் கிடைக்கிற பெரிய விருந்து. அதே பருவத்தில்தான் நாமளும் கரையில் நின்னு முட்டை வீசுறோம். ஒவ்வொரு வீச்சிலும் ரெண்டு மூணு முட்டை கழண்டு விழும். ஒரு நாளைக்கு எத்தனை வீச்சு, கரையில் எத்தனை பேர், கணக்குப் போட்டுக்கங்க. தொட்டியில் நடந்தது ஆற்றில் எத்தனை குஞ்சைக் கொன்னிருக்கும் என்பது வேற கணக்கு, தொட்டி ஆய்வு அதுக்குப் பதில் ஆகாது. ஆனா நான் வில்சன் ஆற்றில் பார்த்தது எனக்குத் தெரியும். நான் வீசின ரெண்டு மூணு முட்டை இல்லை அது. அரை ஜாடி. தின்ன வந்த குஞ்சுங்க எதுன்னும் இப்ப ஓரளவு தெரியும். சினூக் குஞ்சு பெரும்பாலும் பிறந்த வருஷமே கடலுக்கு இறங்கிடும். கோஹோ சால்மன் குஞ்சு ஒரு வருஷத்துக்கு மேலயும், ஸ்டீல்ஹெட் குஞ்சு ரெண்டு வருஷம் வரைக்கும்கூட ஆற்றிலேயே தங்கி வளரும். அக்டோபர் மாசக் கரையோரத்தில் விரல் நீளத்தில் மொய்ச்சதில் கோஹோ இருந்திருக்க நிறைய வாய்ப்பு. ஓரிகன் கடற்கரை கோஹோ 2008-ல் மறுபடியும் அழியும் ஆபத்துள்ள உயிரினங்கள் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்ட மீன். மறுபடியும்ங்கிறதைக் கவனிங்க. முதல் தடவை 1998-ல்.

பொரி போட்ட புண்ணியம்னு நினைச்சேனே.

மீதி இரையைக் கொட்டி மீனைக் கூட்டுறது பல இடங்களில் சட்டப்படியே தப்புங்கிறதும் எனக்கு அன்னிக்குத் தெரியாது. பெரியவர் பார்த்திருந்தா தடுத்திருப்பார். அவர் வண்டிகிட்ட இருந்தார்.

அடுத்த வாரம் அவர்கிட்ட விஷயத்தைச் சொன்னேன். கோபப்படுவார்னு நினைச்சேன். நாற்பது வருஷமா கையில் வெச்சிருக்கிற ஜாடியைப் பத்திக் குறை சொன்னா யாருக்குத்தான் வராது? முதல்ல அணையைச் சொன்னார், மரம் வெட்டினதைச் சொன்னார் (அவர் வேலை பார்த்த ஆலையையும் சேர்த்துத்தான்), கடல்சிங்கத்தைச் சொன்னார், கடல் சூடாறதைச் சொன்னார். எல்லாமே சரிதான். சால்மன் குறைஞ்சதுக்கு ஜாடி முதல் காரணம் இல்லை, பத்தாவது காரணமாக்கூட இருக்காது. நான் தலையாட்டினேன். ரெண்டு நிமிஷம் சும்மா இருந்தார். அப்புறம் கராஜுக்குள்ள போய் டப்பாவை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கிட்டு, பின்னாடி பொடி எழுத்தில் இருந்த சேர்மானப் பட்டியலைப் படிச்சார். ரெண்டாவது பேரே சோடியம் சல்ஃபைட்.

ஓரிகன் துறை தயாரிப்பாளர்களோட பேசி, பொடியில் சல்ஃபைட்டைக் குறைக்கச் சொல்லி முயற்சி எடுத்தது. இப்போ சல்ஃபைட் இல்லாத பொடின்னு தனியாவே கிடைக்குது. பெரியவர் அதையும் வாங்கலை. அவங்க அப்பா காலத்துச் செய்முறைக்கே திரும்பிட்டார். ஒரு கப் வெங்காரம், அரை கப் அயோடின் இல்லாத உப்பு, அரை கப் சர்க்கரை, நிறத்துக்கு ஒரு பாக்கெட் ஸ்ட்ராபெரி ஜெல்லிப் பொடி. நிறம் முன்னை மாதிரி கண்ணைப் பறிக்காது. ரெண்டு வாரத்துக்கு மேல ஃப்ரிட்ஜில் வெச்சா கொஞ்சம் கறுக்கும். மீன் கடிக்குதான்னு கேக்காதீங்க. போன அக்டோபரில் அவருக்கு ரெண்டு மாட்டியது. எனக்கு வழக்கம் போல சளி.

பையனும் இப்ப எங்ககூட வர்றான். திரும்பி வரும்போது மிச்சம் இருக்கிற முட்டையை ஜிப் பையில் போட்டு மூடறது அவன் வேலை. தங்கமணி ஃப்ரீசரில் கீழ்த்தட்டில் ஒரு மூலை ஒதுக்கிக் குடுத்திருக்காங்க. மேலே 'ஊறுகாய் இல்லை'ன்னு தமிழில் எழுதி ஒட்டியிருக்கு.